தனிமைத் தொட்டியில் ஆர்வில்

ஆர்வில் ஹால்வர்சன் அடக்கம் செய்யப்பட்ட அதே வாரம் தன் வீட்டு மீன்தொட்டிக்குத் திரும்பி வந்தார். அவர் மனைவி டாக்னி அவரை வலையில் பிடித்து, நிலவறையிலிருந்த தனிமைத் தொட்டியில் போட்டார். அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தில் அது ஏரி கரையோரம் உறைந்துகிடந்த ஜனவரி மாதம். பனி உருகச் சாலையில் தூவும் உப்புக்கு அப்போது தட்டுப்பாடு இருந்தது.

டாக்னியின் தொட்டியை எங்கள் தெருவில் அறியாதவர் இல்லை. அடியில் மணலைத் துழாவும் சிறு கெளுத்திகள், நடுவில் நீலமும் சிவப்புமாகக் கோடிட்ட கார்டினல் மீன்கூட்டம், யாரும் யாரையும் கொத்தாத குடித்தனம். புதிய மீன் எதுவானாலும் நான்கு வாரம் நிலவறையில் தனியாக இருந்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே மேலே வரலாம். இந்த விதி வந்ததே ஆர்விலால்தான். மீன் வளர்ப்போர் சங்கத்து ஏலத்தில் வாங்கிய பையைக் குளிர் தாக்காமல் அக்குளில் இடுக்கி, கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து, மனைவி சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்துத் தொட்டியில் கவிழ்ப்பது அவர் பழக்கம். ஒருமுறை அப்படி வந்த மீன் வெண்புள்ளி நோயையும் கூட்டிக்கொண்டு வந்து தொட்டியையே காலிசெய்தது. ஈஸ்டர்வரை கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

ஆகவே, கல்லறையிலிருந்து திரும்பிய சில நாட்களில் கூட்டத்தில் ஒரு கார்டினல் கூடுதலாக இருப்பதைக் கண்டதும் டாக்னி அழவில்லை, சந்தேகப்பட்டார். வீட்டின் இன்னொரு சாவி ஆர்விலின் தம்பி மில்டனிடம் இருந்தது. வாசல் பனியை வாரித் தள்ள வந்தவரைப் பூட்ஸைக் கழற்றக்கூட விடவில்லை.

"சாவிய மேசைல வை, மில்டன்."

"அண்ணி, சத்தியமா நான் போடல."

"உங்க குடும்பத்துல சத்தியம் பண்ணிட்டுத்தான் பையவே திறப்பீங்க."

மில்டன் நிலவறைக்குப் போய்ப் பார்த்தார். மீன் ஹீட்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அதன் வலப்பக்கக் கண்ணாடியைத் தட்டினால் திரும்பியது, இடப்பக்கம் தட்டினால் அசையவே இல்லை. ஆர்விலுக்கு இடது காது கேட்காது. மில்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணி, இது அண்ணன்தான்."

"மீனுக்குக் காது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"நீங்க பக்கத்துல வந்தா மட்டும் ஒளியுது பாருங்க."

தேவாலயத்துப் போதகரை அழைத்துக் காட்டினார்கள். அவர் இரண்டு துண்டு எலுமிச்சைக் கேக் சாப்பிட்டுவிட்டு, திருச்சபைக்கு இதில் கருத்து ஏதுமில்லை என்றார்.

கூட்டமாக வாழும் மீன் தனியே இருந்தால் நிறம் இழக்கும், தீனியை மறக்கும், பிறகு செத்துப்போகும். சங்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அந்த மீனின் சிவப்பு முதலில் ரோஜா நிறமாகி, பிறகு பழைய பற்பசை நிறமாகியது. மில்டன் தினமும் வந்து கெஞ்சினார்.

"மேல விட்டுடுங்க அண்ணி. ஒரு மனுஷன் ரெண்டு தடவை சாகணுமா?"

"மேல இருக்கிறதுங்க என்ன பாவம் பண்ணிச்சு? உங்க அண்ணன்னு பாவம் பாத்துத்தானே போன தடவை மொத்தத்தையும் வாரிக் கொட்டினேன்."

"அவரு செத்துட்டாரு அண்ணி!"

"செத்துட்டா விதி மாறிடுமா?"

ஆனால் மில்டன் போனதும் டாக்னி சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். நீல ஸ்வெட்டர்மேல் சிவப்புச் சால்வையைச் சுற்றிக்கொண்டு தொட்டியோரம் உட்கார்ந்து, விசாரணையைத் தொடங்கினார். "ஏங்க, எந்தப் பைல வந்தீங்க? யாரு விட்டாங்க? உள்ளதச் சொல்லுங்க." மீன் ஹீட்டருக்குப் பின்னாலிருந்து வந்து, சால்வையின் சிவப்புக்கு இணையாக, ஒரு விரல் தள்ளி நின்றது. டாக்னி கையை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது. கை நின்றால் நின்றது. இருவரும் சேர்ந்து ஒரு கூட்டமானார்கள். அன்றிலிருந்து காப்பியும் ரொட்டியும் தையலும் கீழேயே நடந்தன. மீன் தீனி எடுத்தது, நிறம் திரும்பியது. டாக்னியின் சந்தேகம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

மேலே விடும் நாள் நெருங்கும்போது, வால்துடுப்பில் உப்புக்கல் போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. டாக்னி மில்டனைத் தொலைபேசியில் அழைத்தார். கணவர் போன பிறகு அவர் குரலில் அத்தனை தெம்பை மில்டன் கேட்டதில்லை.

"ஓடி வா. வெண்புள்ளி!"

"ஐயோ அண்ணி..."

"என்ன ஐயோ? இப்பத்தான் நம்புறேன். செத்த பிறகும் நோயோட என் வீட்டுக்குள்ள நுழைய வேற யாரால முடியும்? இவரேதான்!"

அதன் பிறகே அவர் அழுதார். அழுதுகொண்டே தண்ணீரின் சூட்டை மெல்ல மெல்லக் கூட்டினார், மருந்தை அளந்து விட்டார், அடியில் படிந்ததை உறிஞ்சி எடுத்தார். புள்ளிகள் பெருகின, மீன் சாய்ந்து நீந்தியது, ஒரு முழு நாள் அசையாமல் கிடந்தது. டாக்னி சிவப்புச் சால்வையைக் கண்ணாடிமேல் சாத்தி வைத்தார், எடுக்கவே இல்லை. பனி உருகத் தொடங்கிய வாரத்தில் புள்ளிகள் உதிர்ந்தன. உதிர்ந்த பிறகும் நான்கு வாரக் காவலை முழுதாக முடித்துத்தான் ஆர்வில் மேலே போனார். கூட்டம் ஒரு கணம் விலகி, அவரைச் சேர்த்துக்கொண்டு மூடியது. சங்கத்தில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சூட்டை எத்தனை பாகை ஏற்றினீர்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, ஓர் அக்டோபரில் டாக்னி இறந்தார். அடக்கம் முடிந்து வந்த மில்டன் முதலில் மேல்தொட்டியைப் பார்த்தார். புதிதாக யாரும் வந்திருக்கவில்லை. நிலவறைக்கு இறங்கினார். தனிமைத் தொட்டியின் நட்டநடுவில், யாரும் பிடித்துப் போடாமலே, ஒரு கார்டினல் நின்றிருந்தது. மில்டன் ஹீட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அங்கே இரண்டு இருந்தன. மேலே ஒன்று குறைந்திருந்தது. முதலில் வந்தது இரண்டாவதை ஒருமுறை சுற்றி வந்து, புள்ளி ஏதும் உண்டா என்று துடுப்புத் துடுப்பாகப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே பக்கத்தில் போய் நின்றது. மில்டன் தீனி போட்டுவிட்டு, நான்கு வாரத்தை அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.