மூன்று மணிக்குள் ஒரு மடிக்கணினி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலைக்குள் பிறக்கவில்லை. மலேசியாவில், கோத்தா திங்கியில் ஒரு கைப்பேசிக் கடை. சார்ஜர் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம் சொன்னாள்: "சிடியிலயும் ஏறல, பென்டிரைவுலயும் ஏறல. கடைசில வயித்தத் தொறந்துட்டோம்லா!"

யார் வயிற்றை? சார்ஜரை மறந்தேன். காதைத் தீட்டிக்கொண்டேன்.

பத்திரிகைத் தொடர்களில் வாராவாரம் பிணங்களை எழுதிப் பழகிய கை. வீட்டுக்கு வந்ததும் முதல் வரி தானாக விழுந்தது:

மேசைமேல் அது அசையாமல் கிடந்தது. அதன் மார்பில் ஒரு

(வேண்டாம். மடிக்கணினிக்கு மார்பு ஏது?)

ஞாயிறு காலை பதினொன்றரை. வெள்ளையம்மாவுக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்தான் இருந்தது.

இது சரி. இப்படியே போவோம்.

2

வெள்ளையம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் சர்க்யூட் பலகைகளைச் சோதித்தவள். ஆறு மாதம் முன்பு கம்பனி கதவைச் சாத்தியது. விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் வயதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரே ஒரு கம்பனி மட்டும் கூப்பிட்டது: ஞாயிறு மூன்று மணிக்கு இணையத்தில் தேர்வு. ஒரே வாய்ப்பு. கைப்பேசியில் எழுத முடியாது, கணினி வேண்டும்.

வீட்டில் ஒரு கிழட்டு மடிக்கணினி இருந்தது. அதிலிருந்த பழைய விண்டோஸ் தேர்வுப் பக்கத்தைத் திறக்கவே மறுத்தது.

மகள் ஷர்மினி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் சிடியோடு களத்தில் குதித்தாள். "பத்தே நிமிசம்மா. லினக்ஸ் ரொம்ப லேசு. போட்டா இந்தக் கெழடும் ஓடும்."

சிடி உள்ளே போனது. சர்ரென்று சுற்றியது. நின்றது. பழைய விண்டோஸ் எழுந்து வந்து இளித்தது.

மறுபடி. மறுபடியும் அதே இளிப்பு.

"அலமாக்! சிடிலருந்து கெளம்பவே மாட்டுதும்மா. பென்டிரைவு போட்டா கண்டுக்கவே இல்ல."

"புரியற மாதிரி சொல்லுடி."

"கண்ணத் தொறந்ததும் மொதல்ல சிடியப் பாக்கணும். இது நேரா பழைய எடத்துக்கே ஓடுது."

"ஒங்கப்பா மாதிரின்னு சொல்லு. எத்தன தடவ கூப்ட்டாலும் காப்பிக் கடைக்குத்தான்."

(அடிக்குறிப்பு: அப்பாவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அவர் காப்பிக் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். கிழித்துவிட்டேன்.)

3

இந்த இடத்தில் ஒரு வில்லன் வந்தால்தான் தொடர் சூடு பிடிக்கும். பக்கத்து வீட்டு மகேஸ்வரனைப் பிடித்தேன். சிங்கப்பூரில் லிஃப்டு பழுதுபார்க்கிறவன். கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன். அவன் உதட்டோரம் ஒரு குரூரப் புன்ன

(முடியவில்லை. ஆள் கறிபாப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நிற்கிறான்.)

"என்னக்கா, தாயும் மவளும் காலையிலேயே குஸ்தியா?"

விஷயத்தைச் சொன்னார்கள். மகேஸ்வரன் ஓடிப்போய்த் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தான்.

"எடுத்துக்குங்க. ஆனா ரெண்டு மணிக்கு நான் கெளம்பணும்லா, சிங்கப்பூர்ப் பாலத்துல ஜாம். என் லிஃப்டு வேல பூரா இதுக்குள்ளதான் இருக்கு. இது போனா என் வேலையும் போச்சுக்கா."

இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும் கணினியில் மூன்று மணித் தேர்வை எப்படி எழுதுவது? ஷர்மினி தலையில் கை வைத்தாள்.

வெள்ளையம்மா கேட்டாள்: "தம்பி, ஒன்னோடதுல சிடி ஓடுதா?"

"ஜோரா ஓடுதுக்கா."

"அப்பறம் என்ன? ஒரு மேசையில சோதிக்க முடியலன்னா பலகைய அடுத்த மேசைக்குத் தூக்கிட்டுப் போவோம். இதோட டிஸ்க்கக் கழட்டு. அங்க வச்சு ஏத்து. திரும்பக் கொண்டாந்து மாட்டு."

ஷர்மினி வாய் பிளந்தாள். "மா... அது நடக்கும்மா!"

நான்கு திருகுகள். இரண்டு நிமிடம். கையகல டிஸ்க் வெளியே வந்தது. மகேஸ்வரன் படம் பார்க்க, கேபிளில் வெளியே மாட்டும் ஒரு டிஸ்க் பெட்டி வைத்திருந்தான். அதிலிருந்த பட டிஸ்க்கை உருவிவிட்டு இதைப் பொருத்தினான். கேபிள் அவன் கணினியில் ஏறியது. சிடி சுழன்றது.

லினக்ஸ் எழுந்தது!

4

மணி ஒன்று பத்து. திரையில் ஒரு கேள்வி: எந்த டிஸ்க்கை அழித்துவிட்டு ஏற்றலாம்?

கீழே இரண்டு வரிகள். இரண்டும் ஒரே கம்பனி. இரண்டும் நூற்றறுபது ஜிபி. ஒன்று வெள்ளையம்மாவுடையது. இன்னொன்று மகேஸ்வரனின் பிழைப்பு.

(முப்பது வருடமாக வெடிகுண்டில் சிவப்பு வயரா நீல வயரா என்று எழுதி உங்களை நகம் கடிக்க வைத்திருக்கிறேன். அங்கே நிறமாவது இருந்தது.)

"கீழ உள்ளதும்மா. வெளியிலருந்து மாட்டுறது எப்பவும் ரெண்டாவதாத்தான் வரும்." ஷர்மினியின் விரல் இறங்கியது.

"எப்பவுமா?"

விரல் நின்றது. "...பெரும்பாலும்."

"பெரும்பாலும்னு சொன்னா எங்க லைன் லீடர் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாரு."

வெள்ளையம்மா கேபிளைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா!" மகேஸ்வரன் அலறினான்.

"சும்மா இரு தம்பி. இன்னும் ஒண்ணும் அழிக்கல. ஷர்மினி, பட்டியலத் திரும்பப் போடு."

ஒரு வரிதான் மிஞ்சியது. காணாமல் போனது மேல் வரி. ஷர்மினி தொடவிருந்த கீழ் வரிதான் மகேஸ்வரனுடையது.

ஷர்மினியின் கை சுட்டதுபோல் விலகியது. மகேஸ்வரன் வாயிலிருந்த கறிபாப்பை மென்று விழுங்க மறந்தான்.

வெள்ளையம்மா மறுபடி கேபிளைச் செருகினாள். புதிதாக வந்த வரிமேல் விரலை வைத்தாள். "இத அழி."

5

முடிவு அ: ஒன்று நாற்பதுக்கு மின்சாரம் போ

(மட்டமான வேலை. அடுத்தது.)

முடிவு ஆ: மகேஸ்வரன் அவசரத்தில் டிஸ்க் பெட்டியோடு பாலத்தை நோக்கிப் பறக்கிறான், பின்னால் ஷர்மினி மோட்டார் சைக்கிளில்

(இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்று ஐம்பத்தைந்துக்கே வேலை முடிந்து, வெள்ளையம்மா டிஸ்க்கை உருவிக் கையில் வைத்திருந்தாள். அவன் "தேர்வு நல்லா எழுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டுச் சாவகாசமாகத்தான் கிளம்பினான்.)

ஒரு திருகு உருண்டு அலமாரிக்கு அடியில் போய் அரை மணி நேரத்தைத் தின்றது. இரண்டு நாற்பது. டிஸ்க் பழைய வயிற்றுக்குள் திரும்பியது. வெள்ளையம்மா பட்டனை அழுத்தினாள்.

கறுப்பு.

கறுப்பு.

ஒரு சின்ன வெள்ளைக் கோடு மினுங்கியது. பிறகு எழுத்துகள் அருவியாகக் கொட்டின. பிறகு, பளிச்சென்று ஒரு நீலத் திரை! ஷர்மினி போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"குதிக்காதடி. நேரமாவுது. பக்கத்தத் தொற."

தேர்வுப் பக்கம் திறந்தது. முதல் விதி தடித்த எழுத்தில் இருந்தது: தேர்வு எழுதுபவரைத் தவிர அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது.

"மா, பதில மாத்தணும்னா இந்த எடத்துல..."

"வெளிய போடி. இருவத்திரண்டு வருசமா அடுத்தவன் செஞ்சத சோதிச்சவ நான். இன்னிக்கு என்னயச் சோதிக்கட்டும்."

ஷர்மினி கதவுவரை போனாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வெளியேறினாள்.

அடுத்த அரை மணி நேரத்துக்கு நான் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் வெள்ளையம்மாவுக்கு முதலிடம். ஒன்றில் கடைசிக் கேள்வியில் தடுமாற்றம். மூன்றாவதை நானே ரசித்து ரசித்து எழுதினேன். ஆனால் விதியில் 'வேறு யாரும்' என்றால் அதில் நானும்தான். நான் உள்ளே நின்றுகொண்டு பதில்களை அவள் கையில் திணித்தால், இருபத்திரண்டு வருடத்துக்கு என்ன மரியாதை? மூன்றையும் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஷர்மினி பக்கத்தில்தான் நிற்கிறேன், அவள் நகம் கடிக்கிறாள்.

நீங்கள்தான் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள். மணி மூன்று. வெள்ளையம்மா முதல் கேள்வியைப் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

சத்தம் போடாமல் வெளியே வாருங்கள். கதவைச் சாத்திவிடுங்கள்.