லாபத்தில் நின்ற தீவன டின்

பெருமாட்டியில் குப்பண்ணன் தன் கறிக்கோழிகளுக்காகச் செய்த தீவன டின் எழுபத்திநாலாம் வருஷம் ஆடியில் நிறைந்தது. அதன் பிறகு காலியாகவே இல்லை. செய்ததில் சூட்சுமம் ஒன்றும் கிடையாது. சீமெண்ணெய் டின்னின் அடியோரத்தில் சுற்றிலும் ஓட்டை வெட்டி, கோழிக் கழுத்தை அறுக்காதபடி விளிம்பை மடக்கித் தட்டி, பழைய தாம்பாளத்தில் நிற்கவைத்தார். மேலே கொட்டிவிட்டால், கோழி தின்னத் தின்னத் தீவனம் தானாக இறங்கும். பிசகு நடந்தது கொட்டும்போதுதான். இந்தப் பக்கத்தில் வள்ளப்படியால் தானியம் அளப்பவர்கள் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். முதல் வள்ளத்துக்கு லாபம் என்பார்கள், அப்புறம்தான் இரண்டு, மூன்று. குப்பண்ணன் மக்காச்சோள நொய்யும் புண்ணாக்கும் கலந்து ஒரு வள்ளம் கொட்டி, லாபம் என்றார். அந்த நேரம் பார்த்து வாய்க்காலில் அவருடைய தண்ணீர் முறை வந்துவிட, மண்வெட்டியோடு ஓடினார். திரும்பி வந்தபோது, கொட்டிய ஒரு வள்ளமே டின்னின் வாய்வரைக்கும் வந்திருந்தது. எண் சொல்லாமலே இன்னொரு வள்ளத்தைக் கொட்டிப் பார்த்தார். வழிந்து தரையில் போயிற்று.

தீராத தீனி இருக்கும்போது கறிக்கோழி படுக்குமா? ராப்பகலாக நின்றுகொண்டே கொத்தின. வியாபாரி பிடித்துப்போன கோழிகள் கூடைக்குள்ளும் நின்றுகொண்டே போயின. புதிதாக வந்த குஞ்சுகளும் அப்படியே. குப்பண்ணன் சோற்றில் கை வைத்தால் பாதியில் எழுந்து டின்னைப் பார்க்கப் போனார். அவர் சம்சாரம் மருதாத்தாள்தான் பாவம், படுத்தாலும் கால்கள் தாமாக நடந்தன. ஒரு வருஷம் அவள் கண் மூடவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் சென்னிமலை தன் கோழிகளுக்கு ஒரு வள்ளம் கேட்டதற்கு, “லாபத்த யாராச்சும் வெளிய உடுவாங்களா?” என்று குப்பண்ணன் அனுப்பிவிட்டார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷன் வேறென்ன சொல்வார்.

“ஏனுங்க, இந்த ஊட்ல ஒண்ணு டின்னு இருக்கோணும், இல்லீன்னா நான் இருக்கோணும்” என்று சொல்லி மருதாத்தாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கேயும் கால்கள் நிற்கவில்லை. கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்து உடம்பு பாதியானாள். அவள் இல்லாத வீட்டில் குப்பண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்க் கூப்பிட்டார்.

வந்தவள் உட்காரவில்லை. வள்ளத்தை டின்னுக்குள் விட்டு அள்ளி, சென்னிமலையை வரவழைத்து, அவர் கூடையில் கொட்டினாள். “நீங்க சொல்லாம உட்டத நான் சொல்றனுங்க. ரெண்டு.” குப்பண்ணனின் கை வள்ளத்தைப் பிடுங்க நீண்டது. அதற்குள் ஒரு கோழி காலை மடக்கிப் படுத்தது. நீண்ட கை அப்படியே நின்றது. மூன்று என்றதும் இன்னொன்று படுத்தது. சேதி பரவி ஊர்க் கூடையெல்லாம் வந்தது. பொழுது சாய்கையில் கடைசிக் கோழியும் படுக்க, மருதாத்தாள் டின்னில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். குப்பண்ணனுக்கு அழுகை வந்தது.

விடிந்ததும் கோழிகள் எழுந்தன, டின்னும் நிறைந்திருந்தது. எண்ணிக்கை மட்டும் லாபத்துக்குத் திரும்பவில்லை. அவசரநிலை முடிந்தது, வாய்க்காலுக்கு சிமெண்ட் பூசினார்கள், சென்னிமலை மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. தினமும் சாயங்காலம் கூடைகள் வந்தன, குப்பண்ணனே முந்தின நாள் விட்ட எண்ணிலிருந்து அளந்து போட்டார். ஒவ்வொரு வள்ளத்துக்கும் வீட்டுக்குள்ளே எட்டி, மருதாத்தாள் கண் அசந்துவிட்டாளா என்று பார்ப்பார். இல்லையென்றால் அடுத்த எண்ணைச் சொல்வார்.