அவிழாத சொல்

ஏரியின் நடுவே எரிமலை மெல்லிய புகை விட்டுத் துயில, கரையோரக் காப்பித் தோட்டங்களில் காலைக் கதிர் பொற்பொடியெனப் படிய, தாஆல் ஊர்க் கோயிலின் மணியோசை அலைகளின்மேல் உருண்டு அடங்கிய வேளையில், துணியில் பூவேலை செய்து பிழைக்கும் இலுமினாதா ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். மனைவியை இழந்த மீனவன் கவுதென்சியோ, தன்னோடு வாழ வருவாளா என்பதற்கு நண்பகலுக்குள் விடை கேட்டிருந்தான். மறுத்தால் தலைநகர் மணிலாவுக்கு வேலை தேடிப் போய்விடுவான். அவள் கணவனோ பதினோராண்டுகளாகத் தென்தீவில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். ஆயினும் அந்நாட்டுச் சட்டத்தில் மணவிலக்கு இல்லை.

வழியில் மீன்காரி பசிலிசா வம்புக்கிழுத்தாள். "மீன் வாங்கப் போறியாடி, இல்ல மீன்காரனையே வாங்கிட்டியா?"

இலுமினாதா அவளைக் கடந்து கோயிலுக்குள் நுழைந்து, தன் மணப்பதிவில் கண்ட இலத்தீன் சொல்லின் பொருளைப் பாதிரியார் அன்செல்மோவிடம் வினவினாள். பண்டை உரோமர் கட்டவிழ்த்தலுக்கும் நீரில் உப்புக் கரைதலுக்கும் ஒரு சொல்லையே வழங்கினர் என்றும், அதன் முன் 'இல்லை' எனும் பொருள்தரும் ஓர் அசையைச் சேர்த்து அவிழாத முடிச்சைக் குறித்தனர் என்றும், அதனையே பின்னாளில் திருச்சபை மணத்தின்மேல் வைத்தது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

"கல்யாணத்தன்னிக்கு எங்க ரெண்டு பேர் தோள்லயும் எட்டு மாதிரி கயிறு போட்டாங்க, சாமி. பூசை முடியறதுக்குள்ள அதைக் கழட்டியும் எடுத்துட்டாங்க. இன்னும் என்னைக் கட்டியிருக்கறது எது?"



"எனக்குத் தெரியலம்மா. அவிழ்க்கற அதிகாரம் என்கிட்ட இல்ல. உன்னைக் குத்தம் சொல்லவும் மனசு வரல."

பின்னர்த் தம் காப்பியில் பாதியை அவளுக்கு ஊற்றித் தந்து, அவள் அழுது ஓயுமட்டும் அறிவுரை ஏதும் கூறாது அருகமர்ந்திருந்தார்.

நண்பகலில், பேருந்து நிற்குமிடத்தில் துணிமூட்டையோடு நின்ற கவுதென்சியோவிடம் அவள் சென்றாள்.

"நான் வரல. என் புருஷன் வாக்கை விட்டுட்டான். ஆண்டவர் முன்னாடி குடுத்ததை என்னால விட முடியல."

"தெரியும், இலூ. உன் வாயால கேட்டுட்டுப் போகலாம்னுதான் நின்னேன்."

அவன் கடியவில்லை, கெஞ்சவுமில்லை. வெறுந்தலையோடு அவள் வெயிலில் நிற்பது கண்டு, தன் ஓலைத்தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்துவிட்டுப் பேருந்தேறினான். புழுதி அடங்கியபின் அவள் அதே தெரு வழியே அதே வீட்டுக்குத் திரும்பினாள்.

அன்புடையீர், அவள் கட்டினை அவிழ்க்க வல்லார் அவ்வூரில் எவருமிலர். கட்டுண்டவள்மேல் வெயில் படாது காக்க ஒருவன் இருந்தான். அதனை எந்த மறையும் விலக்கவில்லை.