ஓநாய் விழுந்த அணில்கள்

அன்று காலை காட்டில் இருந்தவர்கள்: இரவு முழுக்கக் கோழித் தொழிற்சாலையில் உயிர்க்கோழிகளைக் கொக்கியில் மாட்டிவிட்டு நேராக வந்த நான், டெல்மர். என் தங்கை ட்ரீனாவின் புருஷன் ரான்டல், இலைகள் அச்சடித்த புத்தம்புது வேட்டை உடுப்பில், விலைச்சீட்டின் பிளாஸ்டிக் நூல் காலரில் தொங்க. காட்டுக்குச் சொந்தக்காரர் வெர்லின், கன்னத்தில் புகையிலை அடைத்துக்கொண்டு. அவருடைய நாய் ஜிப், யாரும் கூப்பிடாமலே.

கென்டக்கியில் அணில் வேட்டை ஆகஸ்டில் தொடங்குகிறது. அதில் ஒரு புத்திசாலித்தனமும் இல்லை. இலை அடர்ந்திருக்கும், அணில் கண்ணுக்குத் தெரியாது. வியர்வை முதுகில் வழியும். உண்ணி ஏறக் கூடாத இடத்தில் ஏறும். உறைபனி விழும்வரை பொறுத்திருந்தால் எல்லாம் சுலபம். ஆனால் முதல் நாள் போகாதவனை எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையாக மதிக்க மாட்டார்கள். அப்படி மதிக்கிறவர்களின் யோக்கியதையை யாரும் கேட்பதில்லை.

நான் போனது அதற்காக இல்லை. ரான்டலை என் வீட்டிலிருந்து கிளப்ப வேண்டியிருந்தது.

அவனும் ட்ரீனாவும் டேட்டன் நகரத்திலிருந்து வசந்தத்தில் வந்தார்கள். அவனுக்கு அங்கே வேலை போய்விட்டது. ரெண்டே வாரம் என்றார்கள். என்னுடையது டிரெய்லர் வீடு, லாரியில் இழுத்துவந்து நிறுத்துகிற தகரப் பெட்டி. சுவர் என்பது பெயருக்குத்தான். நான் பகலில் தூங்குகிறவன். அவன் பகலில் டிவி பார்க்கிறவன், அதுவும் பரிசுப் போட்டிகள். யாரோ ஒருத்திக்கு வாஷிங் மெஷின் கிடைத்தால் இவன் கை தட்டுவான். கோடை முழுவதும் நான் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் கைதட்டல்.

அவர்கள் ஒரு டிரெய்லர் வாங்கிவிட்டார்கள். வைக்கத்தான் இடம் இல்லை. எங்கள் மலை இடுக்கில் சமதரை என்று ஒன்று இருந்தால் அது வெர்லினுடையது, ரோட்டை ஒட்டி. கொடுக்கலாம் என்றார். அதற்கு முன் பையனை ஒரு காலை வேட்டைக்கு அழைத்து வரச் சொன்னார்.

"என் காட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கப் போறவன், காட்டுல எப்படி நடந்துக்கிறான்னு பாக்கணும்ல?"

வெர்லினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பன் விட்டுப்போன காட்டைத் தானே நட்டு வளர்த்ததுபோல் பேசுகிறவர். அவர் பேசும்போது தலையாட்டினால் போதும், நல்லவன் ஆகிவிடலாம். எனக்குத் தலையாட்ட வராது. ஆனாலும் பல வருடமாக என்னை உள்ளே விட்டார். வேலை முடிந்து வந்து ஒரு ஹிக்கரி மரத்தடியில் உட்காருவேன். கோழிகளின் கத்தல் காதிலிருந்து இறங்க அரை மணி ஆகும். அதற்கப்புறம் எதையாவது சுடுவேன், சுடாமலும் போவேன்.

வெர்லினும் ஜிப்பும் மேட்டுக்கு ஏறிப் போனார்கள். நானும் ரான்டலும் ஓடைப் பக்கம் உட்கார்ந்தோம். ஹிக்கரி காயை அணில் கொறிக்கும்போது தோல் துணுக்குகள் இலைமேல் விழும், தூறல்போலச் சத்தம் கேட்கும். அதைத்தான் கேட்க வேண்டும். ரான்டல் கொசு மருந்தை உஸ்ஸென்று அடித்துக்கொண்டான். பிறகு அணில் மாதிரிக் கத்தும் ஊதலை எடுத்தான்.

"அத ஊதுன, உன் வாயிலயே திணிச்சிருவேன்."

"இது அசல் அணில் குரல் மச்சான். டப்பாவுலயே போட்டிருக்கு."

"அணில் படிச்சுப் பாத்துச்சா டப்பாவ?"

பையில் வைத்துக்கொண்டான், கோபத்தோடு.

ஆனாலும் அவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. எங்கள் தலைக்கு மேலேயே தூறல் ஆரம்பித்தது. அவனிடம் சில்லறைக் குண்டுகள் சிதறும் ஷாட்கன், என்னிடம் ஒற்றைக் குண்டுச் சின்ன ரைஃபிள். கிளை ஆடிய பக்கமெல்லாம் சுட்டான். மூன்று விழுந்தன. நான் கொஞ்சம் தள்ளிப் போய் இரண்டு அடித்தேன்.

திரும்பி வந்தபோது அவன் ஓடையில் கையைச் சட்டையோடு நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். பை காலி.

"எங்கடா?"

"சீக்கு மச்சான். மூணும் சீக்கு. கழுத்துல கட்டி, அதுல ஓட்ட, ஓட்டைக்குள்ள என்னமோ நெளியுது. தூக்கிப் போட்டுட்டேன்."

எங்கள் ஊரில் அதற்கு ஓநாய் என்று பெயர். ஒரு ஈயின் புழு. ஆகஸ்டில் அணிலின் தோலுக்கடியில் கொழுத்துக் கிடக்கும். தோலை உரித்தால் அதோடு போய்விடும், கறிக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். டேட்டனில் தெரியாதுபோல.

"போய் எடுத்துட்டு வா. கெழவரு கறிய வீணாக்குனவன வீட்டுப் படி ஏத்த மாட்டாரு."

"செத்தாலும் தொட மாட்டேன்."

எங்கே எறிந்தான் என்று கேட்டேன். முள்புதரைக் காட்டினான். மனிதன் நுழைய முடியாத புதர். வெர்லின் மேட்டிலிருந்து கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"சரி, கேளு. குறி தப்பிருச்சுன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத. தலைய மட்டும் ஆட்டு."

தலையாட்டினான். அது அவனுக்கு நன்றாக வரும்.

வெர்லினுடைய அணில்களையும் என்னுடையதையும் அவர் வீட்டுக் குழாயடியில் உரித்தோம். என் இரண்டில் ஒன்றிலும் ஓநாய் இருந்தது. தோலோடு வந்தது, குப்பையில் போட்டேன். ரான்டல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்லின் மாவில் புரட்டிப் பொரித்து, அதே சட்டியில் பால் ஊற்றிக் கிரேவி வைத்தார். சோடா ரொட்டி சுட்டார். சமையல் அவருக்கு வரும், அதை மறுக்க மாட்டேன்.

"உன் பக்கம் பீரங்கி மாதிரி கேட்டுச்சே. ஒண்ணும் விழலயா?"

"குறி தப்பிருச்சு ஐயா. உங்கள மாதிரி வருமா?"

வெர்லினின் முகம் மலர்ந்தது. தன் இளவயது வேட்டையைப் பற்றி ஆரம்பித்தார். நாங்கள் பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தேன். ஒரு ரொட்டியைப் பிட்டேன்.

வலைக்கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு ஜிப் வந்தது. வாயில் ஒரு அணில், கழுத்தில் கட்டியோடு. கொண்டுவந்து வெர்லின் காலடியில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கத் திரும்பிப் போனது.

வெர்லின் அதைத் தூக்கிப் பார்த்தார். ரோமத்தை விலக்கிக் குண்டுத் துளைகளை விரலால் தடவினார்.

"ஷாட்கன்" என்றார்.

ரான்டல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மானம், வெட்கம் ஒன்றும் இல்லை. கைதட்டல் எனக்குக் கேட்டது. இந்த இடம் கிடைக்காவிட்டால் அடுத்த கோடைவரை, அதற்கடுத்த கோடைவரை.

"நாந்தான் எறியச் சொன்னேன் அண்ணே. அவன் எங்கிட்ட கேட்டான். சீக்குன்னு சொன்னேன்."

"நீயா?"

"ஆமா."

"இப்பத்தான் குழாயடியில ஓநாய உரிச்சுப் போட்ட. நான் பாத்தேன்."

"உங்க முன்னால உரிச்சேன். அங்க சோம்பலா இருந்துச்சு."

வெர்லின் ரான்டல் பக்கம் திரும்பினார். "இவன் சொல்றது நெசமா?"

"நெசம் ஐயா" என்றான் ரான்டல். குரலில் வருத்தம்கூட வரவழைத்துக்கொண்டான். "குறி தப்பிருச்சுன்னு சொல்லச் சொன்னதும் மச்சான்தான். எனக்கு மனசே இல்ல. நல்ல கறியாச்சேன்னு நெனச்சேன். நான் ஊருக்குப் புதுசு, எனக்கு என்ன தெரியும்?"

குறி தப்பியது என்று சொல்லச் சொன்னது நான்தான். அந்த ஒன்றில் அவன் பொய் சொல்லவில்லை.

வெர்லின் அவனுக்கு ஓநாயைப் பற்றி விளக்கினார். ஈ எங்கே முட்டையிடுகிறது, புழு எப்படிக் கொழுக்கிறது, கறி ஏன் கெடுவதில்லை. ரான்டல் கண்ணை அகல விரித்து, அப்படியா ஐயா, அப்படியா ஐயா என்றான். கிழவர் இத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பேச்சு முடிந்தபோது ரோட்டோர இடம் ரான்டலுடையது ஆகிவிட்டது.

என்னிடம் கடைசியாகப் பேசினார்.

"நீ சோம்பேறியா, இல்ல என் சாப்பாட்டு மேசை முன்னால உக்காந்து பொய் சொல்றவனா, எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். இனிமே என் காட்டுல உன்னப் பாக்கக் கூடாது."

"சரி அண்ணே."

"இவனுக்குக் கத்துக்கணும்னு ஆசையிருக்கு. இவன் வரட்டும்."

ரான்டல் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தவாறே என் தட்டிலிருந்த தொடைக்கறியை எடுத்துத் தின்றான். காலையில் செத்தாலும் தொடமாட்டேன் என்றவன். என் இரண்டில் ஓநாய் விழுந்தது அதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதையைக் குழப்பிக்கொள்ள இஷ்டமில்லை.

செப்டம்பர் முதல் வாரம் அவர்கள் கிளம்பினார்கள். ட்ரீனா பாத்திரங்களைக் காரில் ஏற்றினாள். நடந்தது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், என் நல்ல வாணலியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள். நான் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் படுத்தேன். வேலைக்குப் போக இன்னும் நிறைய நேரம் இருந்தது. தூக்கம் இழுத்துக்கொண்டு போகும்போது கதவு தட்டப்பட்டது.

ரான்டல். அதே இலை உடுப்பு. காலரில் பிளாஸ்டிக் நூல் இன்னும் அப்படியே.

"ரிமோட்ட விட்டுட்டேன் மச்சான்."

சோபா இடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டான். போகாமல் நின்றான்.

"ஐயாவும் நானும் நாளைக்குக் காட்டுக்குப் போறோம். மேட்டுல, அந்தப் பெரிய ஹிக்கரி இருக்குல்ல, நீ உக்காருவியாமே, அங்க. உனக்கு வேணும்னா ரெண்டு கொண்டாந்து தரேன். ஓநாய் இருந்தா பயப்படாத. தோலோட வந்துரும்."

"கெளம்பு மாப்ளே."

"நெசமாத்தான் மச்சான். கறிக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் தோளில் கை வைத்துப் படிக்கு வெளியே தள்ளினேன். கதவைச் சாத்திப் பூட்டினேன்.