ஓரத்தில் ஒரு புள்ளி

அவள் மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டு அழுதது ஒரே ஒரு புள்ளியை. வெகு தொலைவில் ஓர் இளம் விண்மீன் திரள். அதன் சூடான நட்சத்திரங்கள் கக்கும் கடும் புற ஊதா ஒளி, ஹைட்ரஜன் அணுவைக் கண்டால் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ரகம். அந்த வேலையிலேயே ஒளியும் தீர்ந்துபோகும். திரளை மூடியிருக்கும் வாயு அநேகமாக எதையும் வெளியே விடாது. இவள் எடுத்த படத்தில் கொஞ்சம் தப்பி வந்திருந்தது; அதுதான் அந்தப் புள்ளி. மதியக் கூட்டத்தில் அதைத்தான் சொல்லப்போகிறாள்.

நிஜமாகவே தப்பி வந்ததுதானா என்று கிளப்பிவிட்டவன் அவள் கொழுந்தன். அதே துறை, பக்கத்து மேசை. ஆய்வகத்தில் அவனுக்கு முட்டுக்கட்டை என்று பெயர்.

"அண்ணி, புள்ளி நடுவுல இல்ல, ஓரமா நிக்குது. நமக்குக் கிட்ட இருக்கிற வேற கேலக்ஸி ஏதோ குறுக்க வந்து நிக்குது. முன்வீட்டு விளக்கப் பாத்துட்டு பின்வீட்டுல வெளிச்சம்கிறீங்க."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"வரும். புள்ளியோட ஸ்பெக்ட்ரம் மட்டும் தனியா வரட்டும்."

கிட்ட இருப்பதைத் தூரத்தில் இருப்பதாக நினைத்துவிடுவது. இந்தத் தொழிலில் பலரையும் கவிழ்த்த குழி அது.

முற்பகலில் தொலைநோக்கி நிலையத்திலிருந்து ஸ்பெக்ட்ரம், அதாவது புள்ளியின் ஒளியை நிறவாரியாகப் பிரித்த வரைபடம், வந்தது. கூப்பிடாமலே அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். புள்ளி கிட்டத்தில் இருந்தால் அதன் ஹைட்ரஜன் கோடு வேறு இடத்தில் விழும். அவள் திரளின் கோட்டுக்கு மேல் புள்ளியின் கோட்டை வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. வேறு கோடு உண்டா என்று அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். இல்லை.

"அதே தூரம்தான்," என்றான். குரல் மாறியிருந்தது. "அப்ப ஏன் ஓரமா இருக்கு?"

அவள் இத்தனை நாள் தட்டிக்கழித்த கேள்வி அது. திரள் முழுவதும் கசிகிறது என்றுதான் உரையில் எழுதியிருந்தாள். அது தப்பு. திரளின் உடம்பு இறுக மூடித்தான் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு நட்சத்திரக் கொத்தில் சில நட்சத்திரங்கள் வெடித்து, சுற்றியிருந்த வாயுவைத் துரத்தியடித்திருக்க வேண்டும்.

"ஓட்டைடா," என்றாள். நாற்காலியில் உட்கார முடியவில்லை. "ஒரே ஓட்டை. நம்ம பக்கம் பாத்துத் திறந்திருக்கு."

"வேற பக்கம் திறந்திருந்தா?"

"மூடியிருக்குன்னு ஒதுக்கியிருப்பேன்."

இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. அப்படி ஒதுக்கிய திரள்கள் கணினியில் குவிந்து கிடந்தன.

"அண்ணி, அதுல எத்தனை நமக்கு முதுகைக் காட்டிட்டு கசியுதோ."

அவள் உரையின் தலைப்பையே அழித்துவிட்டு அவசரமாகத் தட்டத் தொடங்கினாள்.

"நீங்க பேசுங்க. கூட்டத்துல நான் வாயே திறக்கல."

"திற. நீ குறுக்க கேட்டாத்தான் நான் உருப்படியாப் பேசுவேன்."