தகரக் கொட்டிலில் ஒரு பெயர் குறைகிறது

1

“வாப்பா, எல்லார்ர பேரையும் சொல்றீங்க. நடுவுல மட்டும் ஏன் ஒண்ணும் சொல்லாம நிக்கிறீங்க?”

என் கூட்டாளி அபுல் ஹஸனின் பழைய இசைத்தட்டைக் கேட்டுவிட்டு அவனுடைய ஏழு வயது மகள் நிப்லா கேட்ட இந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கல்முனைக் கடல் அன்று கறுப்பாக எழுந்து…’ அடித்துவிட்டேன். கடலைத் தொட்டால் கடல் மட்டுமே மிஞ்சுகிறது.

2

சுனாமி வந்து நாலு வருடமாகியும் சனங்கள் தகரக் கொட்டில்களில் கிடந்தார்கள். ‘சொன்ன வீடுகள் எங்கே?’ என்று ஹஸன் கவிதை எழுதினான். பாடவில்லை, ஜமைக்காவின் றெகே தாளத்தின்மேல் பேசினான்.

(இதை டப் கவிதை என்பார்கள். குரல் திடீரென்று விலகும்; பேஸ் கிற்றார் மட்டும் நடந்துபோகும்.)

பேஸ் வாசித்தவன் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பின் அழகரெத்தினம். ஹஸனின் ஒலிபெருக்கிக் கடைப் பின்னறையில், சுவர்களில் மெத்தைகளைச் சாத்தி, பள்ளிவாசலின் ஒரு பாங்குக்கும் அடுத்த பாங்குக்கும் நடுவே பதிவு செய்தார்கள். இசைத்தட்டின் பெயர் ‘தகரக் கொட்டில்’. கடைசிப் பாட்டின் முடிவில், வாசித்தவர்களின் பெயர்களை ஹஸன் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

3

யுத்தம் உச்சத்திலிருந்த 2009 தொடக்கத்தில், சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் அந்தத் தட்டைப் பற்றி விசாரித்தார்கள். அந்த நாட்களில் ஆளைக் கொண்டுபோக ஒரு தமிழ்ப் பெயர் போதும். ஹஸன் பதிவிலிருந்து அழகரெத்தினத்தின் பெயரை மட்டும் வெட்டினான்.

அழகரெத்தினம் கடைக்கு வந்தான்.

“என்ன மச்சான், என்ட பேரை வெட்டிப்போட்டாய்?”

“உன்னைக் கொண்டுபோயிருவானுகள்டா. கேட்டா நான் பதில் சொல்லுவன்.”

“பேரை வெட்டினாய், வாசிச்சதை வெட்டல்லையே! இப்பிடி வாசிக்க கல்முனையில வேற ஆரு இரிக்கான்?” சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “பயந்தா சேர்ந்து பயந்திருப்பம். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

கிற்றாரோடு போனவன் திரும்பி வரவில்லை.

(கேட்காமல் செய்த உதவி பாதி உதவிதான். ஆனாலும் ஹஸனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

4

முடிவு ஒன்று: ஒருநாள் ஆள் கடத்தும் வெள்ளை வான் வந்து… இல்லை, எழுதமாட்டேன். மே மாதம் யுத்தம் முடிந்தபோது அழகரெத்தினம் உயிரோடிருந்தான், அல்ஹம்துலில்லாஹ். திருக்கோவில் என்ற ஊரில் ஒரு கலியாண வீட்டில் வாசித்தானாம். அதைக் கேட்டு ஹஸன் விட்ட மூச்சில் எனக்கும் பங்குண்டு.

முடிவு இரண்டு: சந்தையில் இருவரும் கட்டிப்பிடித்து… சினிமா. அடித்துவிட்டேன்.

5

வருடங்கள் கழித்து, மகள் அப்படிக் கேட்ட மறுநாள் பின்னேரம், அசர் தொழுதுவிட்டு வந்து, ஹஸன் கடையை உள்ளிருந்து பூட்டினான். மெத்தைகளைச் சாத்தினான். பழைய பதிவை ஓடவிட்டான். பெயர்கள் வந்தன. அந்த இடம் வந்தது. பேஸ் மட்டும் நடந்தது. ஒலிவாங்கிக்குக் கிட்டப்போய் ஒரு பெயரைச் சொன்னான். வெட்டிய இடத்தில் அது பிசகாமல் உட்கார்ந்தது. இனிப் போகும் தட்டுகளெல்லாம் அதோடுதான் போகும். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டது. கடையைத் திறந்து பள்ளிவாசலுக்குப் போனான்.

அழகரெத்தினம் அதைக் கேட்டானா? தெரியாது. அந்த அறையில் நானும் இருக்கவில்லை. ஆகவே ஹஸன் சொன்னதை எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன்:

“பேஸ் கிற்றார், பாண்டிருப்பு …………”

உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். மெல்லச் சொல்லிவிடுங்கள். யாரும் பார்க்கவில்லை.