கேப்பர்டீயில் ஒரு தப்பான பாட்டு

"இந்தக் கண்டத்திலேயே பறவைகள்கிட்ட நேர்மையா நடந்துக்கிற மனுஷன் நான் ஒருத்தன்தான்" என்று கிளைவ் பானர்மன் அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. பறவைக் கணக்கெடுப்புக்கு வந்த நாங்கள் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலிகள் அவருடையவை. தின்றுகொண்டிருந்த சாசேஜ் அவருடையது. ஆஸ்திரேலியாவின் இந்தக் கேப்பர்டீ பள்ளத்தாக்கு முழுக்க நட்ட யூகலிப்டஸ் கன்றுகளும் அவர் உபயம். எண்பது குளிர்சாதன லாரிகளுக்கு முதலாளி. ஓய்வில் பறவைப் படம் வரைவார். படத்துப் பறவைகள் எல்லாம் பங்குதாரர் கூட்டத்துக்கு வந்தவைபோல விறைப்பாக நிற்கும்.

அழிவின் விளிம்பிலிருக்கும் ரீஜண்ட் தேனுண்ணிப் பறவைகளில் அந்த வசந்தத்தில் வந்தவை மொத்தம் இரண்டு. ஆண் இளவட்டம், கறுப்பும் மஞ்சளுமாக ஆள் பிரமாதம், பாட்டுதான் நாராசம். தன் இனத்தின் குரலையே கேட்காமல் வளர்ந்ததால், பக்கத்து மரத்து ஃபிரையர் பறவையின் கரகரப்பைப் பழகியிருந்தது. பெட்டை ஓடைக்கு அந்தப் பக்கமே இருந்தது. இது யாரோ என்று நினைத்திருக்கும்.

கணக்கெடுப்பை நடத்தும் நோயலின், ஓய்வுபெற்ற நர்ஸ், குட்டி ஸ்பீக்கரில் அந்த இனத்தின் பழைய பாட்டைப் போட்டாள்.

"அணை அதை" என்றார் கிளைவ். "பறவைக்குக் கரோக்கி நடத்துறியா?"

"அவனுக்கு சொந்தப் பாட்டு தெரியலை. தெரியாட்டி ஜோடி சேராது. அப்புறம் உன் படத்துல மட்டும்தான் பறவை இருக்கும்."

"இயற்கை பாத்துக்கும்."

"உன் லாரிக்கு டீசலும் இயற்கைதான் போடுதா?"

"என் நாற்காலியை விட்டு எழுந்திரு. இனிமே இங்க வராதே."

எழுந்தாள். நாற்காலியை மடித்து அவர் கால்மேலேயே வைத்தாள். "உன் படத்து மஞ்சளும் தப்பு, கிளைவ். காமாலை வந்த மாதிரி இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே, தம்பி?"

"நான் சாப்பிட்டுட்டிருக்கேன்" என்றேன். என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது அவருடைய அறக்கட்டளை.

பத்து நாள் கழித்து, விட்டுவந்த மண்வெட்டியை எடுக்கக் காலையில் போனேன். பெட்டை இன்னும் ஒரு மேடு தள்ளிப் போயிருந்தது. ஆண் கத்திக்கொண்டே இருந்தது. மரத்தடியில் கிளைவ், ஓவியச் சட்டத்தில் ஆண் மட்டும், பக்கத்தில் வெறும் கிளை.

சுற்றும் முற்றும் பார்த்தார். நான் புதருக்குப் பின்னால் நின்றது தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி ஸ்பீக்கரை எடுத்துத் தரையில் வைத்து, தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்து, அடியில் கையை விட்டார். முதலில் நோயலினின் இருமல் வந்தது. பிறகு மெல்லிய, மணி உருட்டுவது போன்ற பாட்டு. அந்தப் பதிவை அவளிடமே கேட்டு வாங்கியிருக்கிறார்.

ஆண் பறவை வாயை மூடித் தலையைச் சாய்த்தது. பாட்டு முடிந்தது.

கிளைவ் மறுபடி தொப்பிக்கடியில் கையை விட்டார்.